சத்து மாத்திரையும் பக்கவாதமும்: வில்லியனூர், பாகூர் குடும்பங்களுக்கு 20 குறிப்புகள்

வில்லியனூரிலோ பாகூரிலோ மருந்துக்கடை வாசலில் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "அண்ணே, கை கால் ஒரே அசதியா இருக்கு, நல்ல சத்து மாத்திரையா ஒரு அட்டை குடுங்க." நாற்று நட்டு, கரும்பு வெட்டி, நூறு நாள் வேலைக்கும் போய் வந்த உடம்புக்கு அசதி வருவது நியாயம்தான். தெருவில் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டால், அதே கடையில் பேச்சு மாறுகிறது: "நரம்புக்குச் சத்து மாத்திரை போட்டுக்கிட்டா நமக்கு அப்படி வராது இல்ல?"

இதற்குத் தெளிவான பதில் உண்டு. உடம்பில் ஒரு வைட்டமின் குறைந்திருந்தால், அந்த வைட்டமின் மாத்திரை மருந்து. குறை இல்லாதவருக்கு அது பக்கவாதத்தைத் தடுக்கும் காப்பு ஆகாது. சில வைட்டமின்கள் அளவு மீறினால் ஆபத்தைக் கூட்டவும் செய்யும். எதை எடுக்கலாம், எதைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, அந்தக் காசை வேறு எதில் செலவிடலாம் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள இந்தக் குறிப்புகள்.

1. பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு விழுவது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. அடைப்பால் வருவதுதான் பெரும்பாலும். கசிவால் வருவது குறைவு என்றாலும் உயிரிழப்பு அதில் அதிகம். இரத்தம் உறைவதைக் குறைக்கும் பொருள் முதல் வகையைக் கொஞ்சம் தடுத்து, இரண்டாவது வகையைக் கூட்டிவிடலாம். "இரத்தத்தை இளக்கும், நல்லது" என்று யாராவது ஒரு மாத்திரையைச் சொன்னால், இரண்டு வகையையும் மனதில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

2. பக்கவாதத்துக்கு வழிவிடும் காரணங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியா உட்பட 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு 2016இல் வெளியானது. உயர் இரத்த அழுத்தம், உடலுழைப்பு இல்லாமை, இரத்தக் கொழுப்பு, சரியில்லாத உணவு, தொப்பை, மன அழுத்தம், புகை, இதய நோய், மது, சர்க்கரை ஆகிய பத்தும் சேர்ந்தே உலகில் பத்தில் ஒன்பது பக்கவாதங்களுக்குக் காரணமாகின்றன என்று அது காட்டியது. முதலிடம் இரத்த அழுத்தத்துக்கு. இந்தப் பத்தையும் விட்டுவிட்டுச் சத்து மாத்திரையை மட்டும் நம்புவது வீண்.

3. வைட்டமின் ஈ கேப்சூலை அழகுக்காக விழுங்காதீர்கள். முடி கொட்டாமல் இருக்க, முகம் பளபளக்க என்று பச்சை நிற கேப்சூலை மாதக்கணக்கில் விழுங்கும் பெண்கள் நம் ஊர்களில் நிறைய. ஒன்பது ஆய்வுகளில் 1,18,765 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு அடைப்பால் வரும் பக்கவாதம் 10 சதவீதம் குறைந்தது. இரத்தக் கசிவால் வருவது 22 சதவீதம் கூடியது. அதாவது 1,250 பேர் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக மூளையில் கசிவு. ஒருவருக்கு வரும் ஆபத்து சிறியதுதான். ஆனால் தேவையே இல்லாத மாத்திரைக்காக அதை ஏன் ஏற்க வேண்டும்? அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2022இல், இதய நோயையும் பக்கவாதத்தையும் தடுப்பதற்காக வைட்டமின் ஈ எடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டையிலேயே உடம்புக்கு வேண்டிய வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதி கிடைத்துவிடுகிறது.

4. ஃபோலிக் அமிலத்தின் நன்மை எங்கே, எப்படி வந்தது என்று பாருங்கள். வைட்டமின்களில் பக்கவாதத்தைக் குறைத்ததாக ஓரளவு நல்ல சான்று இருப்பது இதற்குத்தான். சீனாவில் இரத்த அழுத்தம் உள்ள 20,702 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். மறு பாதிக்கு அதோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். சுமார் நாலரை ஆண்டுகளில் முதல் பாதியில் 3.4 சதவீதம் பேருக்கும் இரண்டாவது பாதியில் 2.7 சதவீதம் பேருக்கும் பக்கவாதம் வந்தது. முடிவுகள் 2015இல் வெளியாயின. அங்கே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இல்லை. குறைபாடு உள்ளவர்களுக்கே பலன் அதிகம். ஒன்றைக் கவனியுங்கள்: எல்லோருமே பிரஷர் மாத்திரை போட்டார்கள். ஃபோலிக் அமிலம் அதற்குத் துணையாக வந்தது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

5. ஃபோலிக் அமிலத்துக்கு முன் பி12 எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து எடுத்தால் இரத்தச்சோகை சரியானதுபோல் தெரியும். உள்ளே நரம்புப் பாதிப்பு வளர்ந்துகொண்டே போகும். முட்டை, மீன், இறைச்சி எதுவும் தொடாதவர்களும் வயதானவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

6. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பி12 பற்றிக் கேளுங்கள். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுத்தால் உடம்பில் பி12 குறையலாம். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் தினமும் போடுபவர்களுக்கும் அப்படியே. பாதம் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் இரத்தத்தில் கூடும்; அது கூடியவர்களிடம் பக்கவாதமும் அதிகம் காணப்படுகிறது. இப்படிக் குறை உறுதியானவருக்கு பி12 மாத்திரையோ ஊசியோ கட்டாயம் தேவை. மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

7. கர்ப்பிணிகள் இரும்பு-ஃபோலிக் மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. இந்தக் கட்டுரையில் சொல்லும் எச்சரிக்கை எதுவும் அந்த மாத்திரைக்குப் பொருந்தாது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட அதைக் கர்ப்ப காலத்தில் 180 நாள் எடுக்க வேண்டும் என்பது அரசுத் திட்டம். தாயின் இரத்தச்சோகையைத் தடுப்பதும் பிரசவத்தைக் காப்பதும் அதுதான். "மாத்திரை போட்டா புள்ள பெருசாயிடும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்று மாமியாரோ பாட்டியோ சொன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்காவை வீட்டுக்கே அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

8. அசதிக்குச் சத்து ஊசி கேட்டு வாங்காதீர்கள். பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்ட மறுநாள் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, உடம்புக்குத் தேவைப்படாத பி2 வெளியேறுவதன் அடையாளம். பி6 வைட்டமினை அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கை காலை மரத்துப்போக வைக்கும். அசதிக்குப் பின்னால் இரத்தச்சோகை, சர்க்கரை, தைராய்டு என்று ஏதாவது இருக்கலாம். ஊசிக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

9. 60,000 யூனிட் வைட்டமின் டி வாரத்துக்கு ஒன்று, தினமும் அல்ல. அட்டையில் இருக்கிறதே என்று நாள்தோறும் விழுங்கினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், குழப்பம் வரும், சிறுநீரகமும் கெடும். எந்தக் கிழமை என்பதை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். எத்தனை வாரம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். பக்கவாதத்துக்காக இதை எடுப்பதில் பயனில்லை: அமெரிக்காவில் 25,871 பேரிடம் சுமார் ஐந்து ஆண்டுகள் நடந்த வைட்டல் ஆய்வில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

10. முட்டி வலிக்குக் கால்சியம்-டி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போடுபவர்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 277 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் பத்து லட்சம் பேரின் விவரங்களை அலசிய கட்டுரை 2019இல் வந்தது. கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 17 சதவீதம் கூடியதாக அது காட்டியது. எலும்பு தேய்ந்து முறிவு வந்தவர்களுக்கும் மருத்துவர் அளந்து எழுதிக் கொடுத்தவர்களுக்கும் அந்த மாத்திரை தேவைதான். அவர்கள் நிறுத்த வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று போடுபவர்கள் கேழ்வரகுக் கூழ், மோர், முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவற்றுக்கு மாறலாம்.

11. வால்வு மாற்றியவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் கீரையில் ஏற்ற இறக்கம் வைக்கக் கூடாது. அவர்களில் பலர் எடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே இரத்தம் உறையாமல் வைக்கின்றன. முருங்கைக்கீரையிலும் மற்றக் கீரைகளிலும் வைட்டமின் கே நிறைய. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் துளியும் இல்லை என்றால் மருந்தின் அளவு தடம்புரளும். கீரையை விட வேண்டாம்; வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள். மல்டிவைட்டமின் மாத்திரையிலும் வைட்டமின் கே இருக்கலாம் என்பதால் அதைக் கேட்காமல் தொடாதீர்கள். இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைத் தேதியையும் தவறவிடாதீர்கள்.

12. இரத்தம் உறைவதைக் குறைக்கும் ஈகோஸ்ப்ரின் (ஆஸ்பிரின்), குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் வைட்டமின் ஈ-யையும் மீன் எண்ணெய் கேப்சூலையும் தாமாகச் சேர்க்கக் கூடாது. இந்த மாத்திரைகளோடு அவை சேர்ந்தால் இரத்தப்போக்கு கூடலாம். "இயற்கை மருந்து ஆரம்பிச்சுட்டேன், இனி இது எதுக்கு" என்று ஈகோஸ்ப்ரினை நிறுத்துவது இன்னும் பெரிய தவறு. பல் பிடுங்கப் போகும்போதும் இந்த மாத்திரைகளைப் பற்றிப் பல் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

13. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டீன் மாத்திரை பக்கமே போகக் கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. பீட்டா கரோட்டீன் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. மூளை இரத்தக் கசிவும் அவர்களிடம் அதிகமாகவே இருந்தது. அதே சத்து கேரட்டிலும் பரங்கிக்காயிலும் பப்பாளியிலும் வரும்போது தீங்கு இல்லை. புகையை விடுவதற்கு மாற்றாக எந்த மாத்திரையும் கிடையாது.

14. குடியை வைட்டமினால் ஈடுகட்ட முடியாது. புதுச்சேரியில் மது எளிதில் கிடைக்கிறது. பல வீடுகளில் அதன் பாரத்தைப் பெண்கள் சுமக்கிறார்கள். மது இரத்த அழுத்தத்தை ஏற்றி இரண்டு வகைப் பக்கவாதத்துக்கும் வழிவிடுகிறது. பி1 வைட்டமினையும் உடம்பில் குறைக்கிறது. நாள்பட்டுக் குடித்தவருக்குத் தள்ளாட்டம், பார்வை இரட்டையாதல், குழப்பம் வந்தால் "போதை தெளியட்டும்" என்று படுக்க வைக்காதீர்கள். அது பி1 குறைபாடாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம்; இரண்டுக்குமே உடனே மருத்துவமனை வேண்டும்.

15. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வைட்டமின் மாத்திரையில் சோடியம் ஒளிந்திருக்கிறது. அப்படிக் கரையும் மருந்துகளை நீண்ட காலம் எடுத்தவர்களிடம் பக்கவாதம் அதிகம் இருந்ததை 2013இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பிரஷர் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. வைட்டமின் சி-க்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும்.

16. பெயர் தெரியாத 'செட் மாத்திரை'யை வாங்காதீர்கள். உடம்பு வலி, மூட்டு வலிக்குக் காகிதத்தில் மடித்துத் தரும் நாலைந்து மாத்திரைகளில் ஒன்று வைட்டமின் என்றாலும், கூடவே வலிமருந்தும் சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கக்கூடும். இவை இரண்டும் பிரஷரை ஏற்றும். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும். அட்டை இல்லாமல், பெயரும் காலாவதித் தேதியும் இல்லாமல் எந்த மாத்திரையும் வீட்டுக்குள் வரக் கூடாது. ஏற்கெனவே நாள்கணக்கில் போட்டுவந்தவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

17. பிரஷர் மாத்திரைதான் உங்கள் உண்மையான காப்பு. தாங்கும் அளவுக்கு மேல் அழுத்தம் போனால் போர் மோட்டாரின் குழாய் என்றாவது ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். மூளையின் மெல்லிய குழாய்களுக்கும் அதே கதி. 6 லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்ற 123 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை 2016இல் லான்செட் இதழில் வந்தது: மேல் அளவு 10 புள்ளி குறைந்தால் பக்கவாதம் 27 சதவீதம் குறைகிறது. எந்த வைட்டமினுக்கும் இவ்வளவு உறுதியான சான்று இல்லை. வில்லியனூர், பாகூர் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷரைப் பார்த்து மாத்திரையும் வாங்கிக்கொள்ளலாம். சத்து டானிக் வாங்கும் காசு வீட்டில் மிச்சமாகும். 140/90க்கு மேல் இருமுறை காட்டினால் மருத்துவரைப் பாருங்கள். அளவு இறங்கியதும் "சரியாயிடுச்சு" என்று நிறுத்தாதீர்கள். அளவு இறங்கியிருப்பதே மாத்திரையால்தான்.

18. உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் பக்கம் கருவாடு இல்லாத வீடு அபூர்வம். வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, குழம்பில் தனியாக உப்பு போடாமல் சமையுங்கள். ஊறுகாய், அப்பளம் எப்போதாவது போதும். சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், சோடியத்தில் நாலில் ஒரு பங்கைப் பொட்டாசியமாக மாற்றிய உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. இந்தச் சோடியம் குறைந்த உப்பு இங்கும் கிடைக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் சில வகைப் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.

19. பக்கவாதம் வந்து மீண்டவருக்கு வைட்டமின் அட்டையை விடப் பயிற்சி முக்கியம். பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 8,164 பேருக்கு 20 நாடுகளில் பி6, பி12, ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த விட்டாடாப்ஸ் ஆய்வு 2010இல் வெளியானது. மீண்டும் தாக்குவதை அவை குறிப்பிடும்படி தடுக்கவில்லை. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளை நாள் தவறாமல் கொடுங்கள். இயன்முறைப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கி, வீட்டிலும் காலை மாலை செய்ய வையுங்கள். புறா இரத்தம் தடவினால் கை கால் வரும் என்பதை நம்பி முதல் சில மாதங்களை இழக்காதீர்கள். பயிற்சிக்கு உடம்பு நன்றாக இசைவது அந்த மாதங்களில்தான்.

20. அறிகுறி தெரிந்த நொடியில் வாயில் எதுவும் கொடுக்காமல் 108ஐ அழையுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், திடீரென்று பார்வை மங்குதல், தள்ளாட்டம்: இவற்றில் ஒன்று போதும். தண்ணீர், காபி, சத்து மாத்திரை, ஈகோஸ்ப்ரின் எதுவும் வேண்டாம். விழுங்கும் திறன் போயிருந்தால் வாயில் கொடுத்தது நுரையீரலுக்குள் இறங்கும். வந்திருப்பது கசிவு என்றால் ஈகோஸ்ப்ரின் அதை மோசமாக்கும். அடைப்பா கசிவா என்று சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பாகூரிலிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குப் போக நகரத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதனால் இரவில் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்கேனும் இந்த ஊசியும் அருகில் எந்த மருத்துவமனையில் உண்டு என்று இன்றே விசாரித்து வையுங்கள். பாதிக்கப்பட்டவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு, அவர் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.